அல்பிரெக்ட் டியூரரும் 'இறுதி இராப்போசனம்' மரச்செதுக்கு அச்சோவியமும்

மாணவர்களே, இறுதி இராப்போசனம் என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது லியனார்டோ டாவின்சியின் சுவரோவியமாகவே இருக்கும். அதில் இயேசுவுடன் பன்னிரு சீடர்களும் காணப்படுகின்றனர். அதே இரவை ஜேர்மனியரான அல்பிரெக்ட் டியூரர் 1523 இல் மரச்செதுக்கு அச்சோவியமாகப் படைத்தார். அப்படம் உங்களுக்குக் கிடைத்தால் சீடர்களை எண்ணிப் பாருங்கள். பதினொருவரே இருப்பர். இது ஓவியரின் கவனக்குறைவு அன்று. காரணத்தை விளங்கிக்கொள்ள அவரது வாழ்க்கையை அறிவது உங்களுக்கு உதவும்.

டியூரர் 1471 மே 21 ஆம் திகதி நூரெம்பேர்க் நகரில் பிறந்தார். தந்தையார் ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். தாயார் பார்பரா பெற்ற 18 பிள்ளைகளுள் வளர்ந்து ஆளானோர் மூவர் மாத்திரமே. டியூரர் முதலில் தந்தையின் பட்டறையில் பொற்கொல்லத் தொழிலையே பழகினார். உலோகத்தில் நுண்ணிய கோடு கீறப் பழகிய கை பின்னாளில் அவருக்குப் பெரிதும் பயன்பட்டது. எனினும் மனம் ஓவியத்தையே நாடியதால், 1486 இல் மைக்கல் வோல்கெமுட் என்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கே நூல்களுக்கான மரச்செதுக்குப் படங்களும் தயாராகின. நகரின் பெரிய அச்சுநூல் வெளியீட்டாளரான அன்டன் கோபேர்கர் டியூரரின் ஞானத்தந்தையுமாவார்.

1490 இல் ஊர்ஊராகச் சென்று தொழில் கற்கப் புறப்பட்டார். மார்ட்டின் ஷொங்கௌவர் என்ற புகழ்பெற்ற செதுக்கோவியரைக் காணக் கொல்மார் நகருக்குச் சென்றபோது, அவர் 1491 இலேயே காலமாகிவிட்டார் என்ற செய்தியே காத்திருந்தது. 1494 இல் ஊர் திரும்பி அக்னஸ் ஃப்ரை என்பவரை மணந்தார். அதன் பின் இத்தாலிக்குப் பயணமானார்.

மரச்செதுக்கு முறையை இங்கே தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். விடையில் பலர் தவறிழைக்கும் இடம் இதுவே. பலகையின் மேல் படம் கீறப்படும். கோடுகளைத் தவிர்த்து, அவற்றுக்கு இடைப்பட்ட மரமே வெட்டி அகற்றப்படும். மேடாக எஞ்சும் கோடுகளில் மை பூசித் தாளை அழுத்தும்போது அவை கறுப்பாகப் பதியும். வெட்டப்பட்ட பகுதி வெள்ளையாக இருக்கும். படம் இடம்வலமாக மாறியே தாளில் விழும். பெரும்பாலும் ஓவியர் கீறிக் கொடுக்க, தனித் தேர்ச்சி பெற்ற செதுக்குநரே பலகையை வெட்டினார்.

ஒரு பலகையிலிருந்து நூற்றுக்கணக்கான பிரதிகளை எடுக்கலாம். ஆலயப் பீடத்து ஓவியத்தை அவ்வாலயத்துக்குச் செல்பவரே காண்பர். தாளில் அச்சான படமோ சாதாரண மக்களின் வீட்டுக்கும் சென்றது. இதை டியூரர் நன்கு உணர்ந்திருந்தார். 1498 இல் திருவெளிப்பாட்டு நூலுக்கான 15 பெரிய அச்சோவியங்களைத் தாமே வெளியிட்டார். தாயாரும் மனைவியும் சந்தைகளில் அவரது படங்களை விற்றனர். புகழோடு போலிகளும் பெருகின. மார்க்கன்ரோனியோ ரைமொண்டி என்ற இத்தாலியச் செதுக்கோவியர் டியூரரின் பெயரெழுத்துக் குறியையும் சேர்த்தே பிரதி செய்தார். ஆகவே 1511 இல் வெளியான தமது படநூல்களில், பிரதி செய்வோருக்கு எதிரான எச்சரிக்கையையும் பேரரசர் மக்சிமிலியன் வழங்கிய உரிமையையும் டியூரர் அச்சிட்டார்.

1515 இல் பேரரசர் அவருக்கு ஆண்டுக்கு 100 கில்டர் உதவிப்பணம் வழங்கினார். 1519 இல் பேரரசர் இறக்கவே, அதைப் புதுப்பிக்க 1520 இல் நெதர்லாந்துப் பகுதிக்குச் சென்றார். கரையொதுங்கிய திமிங்கிலத்தைப் பார்க்க அங்கே கடற்கரைக்குச் சென்றவர் நோயுற்றார். பின்னர் அவரது உடல்நலம் முன்போல் தேறவில்லை.

அவர் 1521 இல் திரும்பி வந்த ஜேர்மனியோ கொந்தளித்துக்கொண்டிருந்தது. மார்ட்டின் லூதரின் சீர்திருத்தக் கருத்துகள் எங்கும் பேசப்பட்டன. டியூரரும் லூதரை மதித்தவர். 1522 இல் விட்டன்பேர்க்கில் ஆலயங்களின் உருவங்களும் படங்களும் அகற்றப்பட்டன. சமயப் படங்களையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். படம் வேண்டுமா என்ற கேள்வியே எழுந்துவிட்டது.

இக்காலத்திலேயே 1523 ஆம் ஆண்டு அச்சோவியம் உருவானது. 1510 இல் அவர் இதே காட்சியை அமைத்தபோது சீடர் பன்னிருவரும் இருந்தனர். இப்போது யூதாஸ் வெளியேறிவிட்டார். ஒருவர் தம்மைக் காட்டிக்கொடுப்பார் என இயேசு அறிவித்ததும் எழுந்த கலக்கத்தை லியனார்டோ தீட்டினார். டியூரரோ, யூதாஸ் சென்ற பின் ஒருவரையொருவர் அன்பு செய்யுமாறு இயேசு கட்டளையிடும் வேளையைத் தெரிவு செய்தார் எனலாம்; யோவான் நற்செய்தியின் 13 ஆம் அதிகாரத்தில் இப்பகுதி உள்ளது. மேசையைப் பாருங்கள். ஒரு கிண்ணம் மாத்திரமே உண்டு. அப்பக் கூடையும் இரசச் சாடியும் வெறுந்தட்டும் தரையில் உள்ளன. அப்பமும் இரசமும் எல்லா விசுவாசிகளுக்கும் உரியவை என்ற அக்கால விவாதத்துடன் ஆய்வாளர் சிலர் இதைத் தொடர்புபடுத்துவர். அது எவ்வாறாயினும், இத்தனை வெறுமையான மேசையை அவரது முந்திய படத்தில் காணமுடியாது.

நூரெம்பேர்க் நகரம் 1525 இல் சீர்திருத்தத்தை ஏற்றது. டியூரர் 1528 ஏப்ரல் 6 ஆம் திகதி தமது 56 ஆவது வயதில் காலமானார். மனித உடலின் விகிதாசாரம் பற்றிய அவரது நூல் அவ்வாண்டே, அவரது மறைவின் பின் வெளிவந்தது. அவரது பலகைகளிலிருந்து அதன் பின்னரும் படங்கள் அச்சிடப்பட்டு வந்தன.