கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர்: மடங்கிப்போன விரல்களை பால் பிராண்ட் நிமிர்த்தியது எப்படி?

ஒரு கையால் இன்னொரு முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். முன்கைக்குள் ஏதோ அசையுதா? விரலை மடக்கும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி இழுப்பவை தசைநாண்கள். தொழுநோயாளிகளுக்கு மீண்டும் வேலை செய்யும் கைகளைக் கொடுக்க இந்தக் கயிறுகளை இடம் மாற்றிக் கட்டியவர்தான் டாக்டர் பால் பிராண்ட்.

யார் இவர்?

1914-ல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை மாதிரியே இதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதிதான். பெற்றோர் ஜெஸ்ஸி, ஈவ்லின் இருவரும் ஆங்கிலேய மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக பால் இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929-ல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். பால் முதலில் கற்றது டாக்டர் படிப்பு இல்லை. தச்சு வேலையும் கட்டட வேலையும். பிறகுதான் லண்டனில் மருத்துவம். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார்.

ஒரு கைப்பிடியில் கிடைத்த துப்பு

1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே நோயாளிகளின் விரல்கள் பருந்தின் நகம் போல வளைந்திருந்தன. ஒருவரிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்கு இறுக்கமா இருந்தது!

காரணம் இதுதான். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளைத் தாக்கும். முழங்கை இடித்தால் கரன்ட் அடித்த மாதிரி இருக்குமே, அந்த நரம்பு முக்கியமான இலக்கு. அது செயலிழந்தால் உள்ளங்கையின் சிறு தசைகள் ஓய்ந்துவிடும். ஆனால் முன்கையின் பெரிய தசைகள் பெரும்பாலும் நல்லாவே இருக்கும். அப்படின்னா, அங்கிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாமே?

கணக்குப் போட்டுக் கட்டிய கயிறு

1948-ல் அறுவை சிகிச்சைகள் தொடங்கின. அவர் உருவாக்கிய முறைகளில் ஒன்று இது: மணிக்கட்டைத் தூக்க ஒன்றுக்கு மேற்பட்ட தசைகள் உண்டு. அதில் ஒன்றை எடுத்து, கெண்டைக்காலில் இருக்கும் மெல்லிய தசைநாணால் நீட்டி, நான்காகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் கட்டினார்.

எவ்வளவு இறுக்கிக் கட்டணும் என்பதில்தான் சூட்சுமம். அதிகம் இறுகினால் விரல் விறைக்கும்; தளர்ந்தால் தசை சுருங்குவது வீண். தசைநாண் மூட்டின் மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி ஓடினால், மூட்டு சுமார் 57 டிகிரி மடங்க 1 செ.மீ. இழுபட வேண்டும். அவ்வளவு தூரம் சுருங்கும் நீளம் அந்தத் தசைக்கு இருக்கணும். இப்படிப்பட்ட கணக்குகளை அவர் 1985-ல் கையின் இயக்கவியல் பற்றிய நூலாகவே எழுதினார்.

கயிறு மாறினாலும் மூளைக்கு அது தெரியாது. விரலை அசைக்க, மணிக்கட்டைத் தூக்குவதாக நினைக்க நோயாளி புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

கை சரியானது, வாழ்க்கை?

பிச்சை எடுத்து வாழ்ந்த ஒருவருக்கு விரல்கள் நிமிர்ந்ததும் காசு விழுவது குறைந்தது. அதற்காக வேலையும் யாரும் தரவில்லை. நோயின் பெயரைக் கேட்டாலே பயம். இந்தச் சிக்கலுக்குப் பதிலாக வேலூரில் உருவானதுதான் நவஜீவ நிலையம். அங்கே சிகிச்சையோடு தச்சு வேலையும் கற்றுக்கொடுத்தார்கள்.

அங்கேதான் இன்னொன்றும் புரிந்தது. கையில் பலம் திரும்பியது, வலி உணர்வு திரும்பவில்லை. கருவியை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் காயம் பட்டது. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. உணராத காயங்கள்தான் விரலைத் தின்கின்றன என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் இவர். தினமும் கையைப் பரிசோதிப்பது சிகிச்சையின் பகுதியானது.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். 2003-ல் மறைந்தார்.

இன்று தொழுநோயை மாத்திரையாலேயே குணப்படுத்தலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். தோலில் உணர்ச்சியற்ற, நிறம் மாறிய தேமல் தெரிந்தால் உடனே காட்டுங்கள். நரம்பு செயலிழக்கும் முன்பே தொடங்கினால், கயிறு மாற்றிக் கட்டும் தேவை பெரும்பாலும் வராது.