செம்பியன் மாதேவியார்
(திருப்பணியே வாழ்வாகக் கொண்ட சோழப் பெருமாட்டி)

திருக்கோயில் திருப்பணி என்றதும் கந்தளாய் வாழ் சைவப் பெருமக்களின் நெஞ்சில் முதலில் தோன்றுபவர் குளக்கோட்டு மன்னரே. கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்ததோடு நில்லாது, அக்கோயிலின் நித்திய பூசைகள் தடையின்றி நடைபெறுவதற்காகக் கந்தளாய்க் குளத்தையும் அதன் கீழ் வயல் நிலங்களையும் அவர் அமைத்தார் என்பது இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் செய்தியாகும். கோணேசர் கல்வெட்டு என்னும் நூலும் இதனை விரித்துக் கூறுகின்றது. கோயிலைக் கட்டுவது ஒரு பணி. கட்டிய கோயிலில் விளக்கு அணையாமலும் நைவேத்தியம் தவறாமலும் காப்பது அதனினும் பெரிய பணி. இவ்விரு பணிகளையும் அறுபது ஆண்டுக் காலம் இடையறாது செய்த ஒரு பெண்மணியின் வரலாறு சைவ உலகம் என்றும் நினைந்து போற்றத்தக்கது. அவரே செம்பியன் மாதேவியார்.

பிறப்பும் திருமணமும்

செம்பியன் மாதேவியார் மழவரையர் என்னும் சிற்றரசர் குலத்தில் பிறந்தவர். கொள்ளிடத்தின் வடகரையை அடுத்த பகுதி அக்காலத்தில் மழநாடு எனப்பட்டது. அம்மையார் அவதரித்தது சித்திரை மாதத்துக் கேட்டை நட்சத்திரத்தில் என்பதைக் கல்வெட்டுக்களால் அறிகின்றோம். முதலாம் பராந்தக சோழரின் இரண்டாவது புதல்வரான கண்டராதித்தரை அவர் மணந்தார்.

கண்டராதித்தர் சிவபக்தியில் சிறந்தவர். தில்லைக் கூத்தப் பெருமான் மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. அரச குலத்தில் பிறந்தும் அடியார் குணம் வாய்க்கப் பெற்ற அவருக்கு, அவரைப் போன்றே சிவத்தொண்டில் நாட்டமுடைய துணைவியார் அமைந்தது இறைவன் திருவருளேயாகும்.

அம்மையாரின் கொடைகளைக் கூறும் கல்வெட்டுக்களுள் மிகவும் பழையது கி.பி. 941ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள உய்யக்கொண்டான் திருமலைச் சிவன் கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிப்பதற்கு அவர் நிவந்தம் அளித்தார். நந்தாவிளக்கு என்பது இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு. சோழ நாட்டில் ஒரு நந்தாவிளக்குக்குப் பெரும்பாலும் 90 ஆடுகள் கொடுப்பது வழக்கம். அவற்றைப் பொறுப்பேற்கும் இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்து கொடுக்க வேண்டும். மூத்தனவும் இறந்தனவும் குட்டிகளால் ஈடு செய்யப்படும். ஆட்டுத் தொகை என்றும் குறையாது. அதனால் இவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்றனர். ஒரு நாள் கொடுத்த கொடை தலைமுறைகளைத் தாண்டி எரிவதற்கு முன்னோர் கண்ட வழி இது. இத்தகைய ஒரு விளக்கில் தொடங்கியது அம்மையாரின் திருத்தொண்டு.

துயரத்திலும் தளராமை

949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் பட்டத்து இளவரசரான இராசாதித்தர் யானை மீதிருந்தபடியே உயிர் நீத்தார். சோழ நாடு பெரும் தோல்வி கண்டு, வடபகுதியை இழந்து நின்ற அந்த நெருக்கடிக் காலத்தில் கண்டராதித்தர் அரசுப் பொறுப்பை ஏற்றார். ஆயினும் அவர் ஆட்சி நீடிக்கவில்லை. ஏறத்தாழ 957ஆம் ஆண்டளவில் அவர் சிவபதம் எய்தினார். அப்பொழுது அவர்களின் ஒரே புதல்வர் மதுராந்தகர் இளம் பிள்ளை. ஆட்சி கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயருக்கும், பின் அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது.

கணவரை இழந்த அரசியர் தீப்புகுந்து உயிர்விடும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. சுந்தர சோழர் மறைந்தபோது அவருடைய தேவி வானவன்மாதேவி அவ்வாறே உயிர்நீத்தார். செம்பியன் மாதேவியார் வேறு வழியைத் தேர்ந்தார். உயிரோடு இருந்து, தம் கைப்பொருள் முழுவதையும் சிவபெருமானுக்கு ஆக்குவதே கணவருக்குச் செய்யும் கடன் எனக் கொண்டார். அவ்வாறு அவர் வாழ்ந்தது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகும்.

அந்த ஆண்டுகள் அமைதியானவையும் அல்ல. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலர் கொலையுண்டார். அதன் பின்னர் மதுராந்தகர், உத்தம சோழர் என்னும் பெயருடன் அரியணை ஏறினார். அவருக்குப் பின் 985இல் முடிசூடியவர் அம்மையாரின் பேரன் அல்லர். சுந்தர சோழரின் இளைய மகனான முதலாம் இராசராசரே. அரசுரிமை இவ்வாறு குடும்பத்தின் ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கு மாறி மாறிச் சென்றபோதும் அம்மையாரின் திருப்பணி ஒருபோதும் நின்றதில்லை. மகன் ஆட்சியில் செய்தது போலவே இராசராசர் ஆட்சியிலும் அவர் கொடை வழங்கினார். இராசராசரும் அவரைத் தாயாக மதித்துப் போற்றினார் என்பர்.

செங்கல் தளிகள் கற்றளிகளாயின

தேவார முதலிகள் மூவரும் பாடிப் பரவிய தலங்களில் பல, அவர்கள் காலத்தில் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. காவிரி நாட்டின் மழையிலும் வெள்ளத்திலும் அவை நெடுங்காலம் நிலைக்க முடியாதவை. விமானத்தில் ஒரு பறவை போட்ட ஆலம் விதை முளைத்தாலே போதும், சில ஆண்டுகளில் சுவர் பிளந்துவிடும். பாடல் பெற்ற அந்தக் கோயில்களைக் கற்றளிகளாக்கி நிலைபெறச் செய்வதே அம்மையார் மேற்கொண்ட பெரும்பணி. காவிரிப் படுகையில் கல் கிடையாது. தொலைவிடங்களிலிருந்து கொண்டுவந்தே ஒவ்வொரு கோயிலையும் எழுப்ப வேண்டும். அதற்கான பொருட்செலவும் ஆட்செலவும் எத்தகையவை என்பதைத் திருப்பணியில் ஈடுபட்டோர் அறிவர்.

இவ்வாறு அம்மையாரின் திருப்பணி பெற்ற தலங்கள் ஏறத்தாழப் பத்து ஆகும். இன்று கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லம், திருக்கோடிக்காவல், தென்குரங்காடுதுறையாகிய ஆடுதுறை, திருத்துருத்தியாகிய குத்தாலம், திருமணஞ்சேரி, ஆனாங்கூர், திருவக்கரை, திருமுதுகுன்றமாகிய விருத்தாசலம், திருவாரூர் அரநெறி ஆகியவை அவற்றுள் அடங்கும். திருமுதுகுன்றம், சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனிடம் பொன் பெற்று மணிமுத்தாற்றில் இட்ட தலம். திருவாரூர் அரநெறி, நெய் கிடையாதபோது நமிநந்தியடிகள் குளத்து நீரை வார்த்து விளக்கெரித்த தலம். அடியார் ஒருவர் விளக்குக்காகக் கலங்கி நின்ற அந்தக் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவர், தம் தொண்டை விளக்கில் தொடங்கிய இந்த அம்மையாரே.

கற்றளியின் புறச்சுவர்களில் மாடங்கள் அமைத்து, விநாயகர், அகத்தியர், ஆடல்வல்லான், தட்சிணாமூர்த்தி, இலிங்கோற்பவர், பிரமன், துர்க்கை முதலிய திருவுருவங்களை நிறுத்தும் முறை அம்மையார் காலத்தில் விரிவடைந்தது. தில்லைக் கூத்தனைப் பாடிய கணவரின் நினைவுக்கு ஏற்ப, ஆடல்வல்லான் திருவுருவத்துக்குத் தென்புற மாடத்தில் இடமளித்தமை குறிப்பிடத்தக்கது. இன்று சிவாலயத்தை வலம்வரும் அடியார்கள் கோட்டத்துத் தெய்வங்களை ஒவ்வொன்றாக வணங்கிச் செல்லும் வழக்கம் நிலைபெறுவதில் அம்மையாரின் கோயில்களுக்குப் பெரும் பங்குண்டு.

தம் பெயரைப் பின்னிறுத்தியவர்

திருநல்லத்துக் கோயிலை அம்மையார் தம் பெயரில் எழுப்பவில்லை. கணவர் கண்டராதித்தர் பெயரால் எழுப்பினார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வணங்கியிருக்கும் காட்சி அக்கோயிற் சுவரில் சிற்பமாக அமைக்கப்பட்டு, விளக்கமும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆட்சி செய்த ஆண்டுகள் சிலவேயான ஓர் அரசர், ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அங்கே வழிபட்டுக்கொண்டிருக்கின்றார்.

அதே கோயிலில் கட்டியவரும் மறக்கப்படவில்லை. ஆலத்தூரைச் சேர்ந்த சாத்தன் குணபத்தன் என்பவரே அம்மையாரின் பணிப்பின்படி அக்கோயிலை எடுத்தவர். அவருக்கு அரசரணசேகரன் என்ற மறுபெயரும் உண்டு. இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டமையையும் அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. கொடுத்தவர் பெயர் மட்டுமே நிற்கும் இடங்கள் பல இருக்க, உழைத்தவர் பெயரும் கல்லில் நின்றது இக்கோயிலின் சிறப்பாகும்.

திருக்கோடிக்காவில் அம்மையார் செய்த செயல் இவையாவற்றுள்ளும் உயர்ந்தது. பழைய கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, முன்னிருந்த கற்களில் பழங்காலத்து அடியார்கள் அளித்த கொடைகள் பொறிக்கப்பட்டிருந்தன. பல்லவர், பாண்டியர் காலத்துக் கொடைகளும் அவற்றுள் இருந்தன. திருப்பணி முடிந்ததும் அக்கற்கள் வேண்டாதவை ஆகிவிடும். அம்மையாரின் திருப்பணியிலோ அந்தப் பழைய கல்வெட்டுக்கள் எல்லாம் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. பழைய கல்லின் படி இது என்ற குறிப்பும் உடன் சேர்க்கப்பட்டது. விளக்குக்கு ஆடு கொடுத்தவரும் அமுதுக்கு நிலம் கொடுத்தவரும் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகியிருக்கும். கேட்பதற்கு அவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பதிவு அழிந்தால், கொடுத்தவர் பெயரோடு கோயிலுக்குரிய உரிமையும் அழியும். எரிய வேண்டிய விளக்கும் அணையும். ஆகவே புதிய திருப்பணி பழைய தர்மத்தை மறைத்துவிடாமல் காத்தார் அம்மையார்.

நிவந்தங்கள்

கோயிலை எழுப்பியதோடு அம்மையார் அமையவில்லை. திருமஞ்சனம், திருவமுது, திருவிளக்கு, நந்தவனம், பூசகர், பணியாளர், அடியார்க்கு அன்னம் என ஒவ்வொன்றுக்கும் நிலமும் பொன்னும் ஒதுக்கினார். பூசைக்குரிய பாத்திரங்களும் திருவாபரணங்களும் பல கோயில்களுக்கு அளித்தார். கும்பாபிஷேகம் முடிந்த மறு நாளும் கோயிலுக்கு எண்ணெய் வேண்டும், அரிசி வேண்டும் என்பதை உணர்ந்த கொடை அவருடையது. கந்தளாய்க் குளத்தைக் கோணேசர் கோயிலோடு இணைத்துப் பேசும் குளக்கோட்டு மன்னர் வரலாறும் இதே கருத்தை உடையதன்றோ?

அம்மையாரின் பெயரால் நாகப்பட்டினத்துக்கு அருகே செம்பியன் மாதேவி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலும் அவர் எடுப்பித்ததே. அவருடைய பிறந்த நட்சத்திர நாளில் அக்கோயிலில் அன்னதானம் நடைபெற, அவருடைய மருமக்களான உத்தம சோழரின் தேவியர் நிவந்தம் அளித்துள்ளனர். மாமியாரின் பிறந்த நாளை மருமக்கள் கொண்டாடிய சிறப்பை இங்கே காண்கின்றோம். அம்மையாரின் பேரனான மதுராந்தகன் கண்டராதித்தர், அரியணை தமக்குக் கிட்டாதபோதும், இராசராசர் ஆட்சியில் கோயிற் காரியங்களை ஆராயும் பணியில் இருந்தார். தொண்டு அக்குடும்பத்தில் வழிவழியாக வந்தது.

1001ஆம் ஆண்டு வரை அம்மையாரைப் பற்றிய கல்வெட்டுச் செய்திகள் கிடைக்கின்றன. அதன் பின்னர் அவர் சிவகதி அடைந்திருத்தல் வேண்டும். 1019இல் முதலாம் இராசேந்திர சோழர், செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் அம்மையாரின் திருவுருவத்தை எழுந்தருளச் செய்து அதன் வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தார். தம் பெயரைப் பின்னிறுத்திக் கொண்டவரைப் பின்வந்தோர் முன்னிறுத்தினர்.

கந்தளாயின் ஒரு கொடை

அம்மையார் வாழ்ந்திருந்த காலத்திலேயே, 993ஆம் ஆண்டளவில், இராசராசரின் படை ஈழத்துக்கு வந்தது. கந்தளாயில் அந்தணர் குடியிருப்பு ஒன்று இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயருடன் விளங்கியது. 1070இல் முதலாம் விசயபாகு மன்னர் சோழராட்சியை அகற்றினார். அரசு மாறியது, ஊரின் பெயரும் விசயராசச் சதுர்வேதிமங்கலம் என மாறியது. ஆனால் சிவன் கோயில் வழிபாடு மாறவில்லை. பௌத்த மன்னராகிய விசயபாகுவின் பெயரால் விசயராச ஈசுவரம் எனவும், தென்கைலாசம் எனவும் அக்கோயில் வழங்கியது.

அம்மன்னரின் 42ஆம் ஆட்சியாண்டில் நங்கைசானி என்னும் அந்தணப் பெண்மணி, மறைந்த தம் கணவரின் நன்மை கருதி, அக்கோயிலின் வழிபாட்டுக்குக் காசு கொடுத்து நிவந்தம் அமைத்தார். அந்த அறம் வேளைக்காரப் படையினரின் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டது. பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு இதனைத் தெரிவிக்கின்றது. செம்பியன் மாதேவியார் பேரரசி. நங்கைசானி அரச குலத்தவர் அல்லர். ஆயினும் இருவரும் கணவரை இழந்தவர்கள். இருவரும் தம் துயரத்தைக் கோயிலின் ஒளியாக மாற்றியவர்கள். கணவரை இழந்த பெண்களை மங்கல காரியங்களில் பின்னே நிற்கச் செய்யும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் உண்டு. சைவத்தின் மிகப் பெரிய திருப்பணிகளை முன்னின்று நடத்தியவர் அத்தகைய ஒரு பெண்மணியே என்பதையும், கந்தளாய்ச் சிவன் கோயிலின் தர்மத்தைத் தாங்கியவரும் அத்தகைய ஒருவரே என்பதையும் அடியார்கள் சிந்தித்தல் நன்று.

நிறைவாக

திருப்பணிக்குப் பெருந்தொகை கொடுப்போரும் உளர். ஒரு மூடை சீமெந்து கொடுப்போரும் உளர். கொடுக்கப் பொருளின்றி உடலுழைப்பை நல்குவோரும் உளர். கேளாமல் மனமுவந்து தருவது எதுவாயினும் இறைவன் திருமுன்னர் அது சமமே. முன்னோர் செய்த தர்மத்தை மறவாதிருத்தல், உழைத்தவரைப் போற்றுதல், கட்டிய கோயிலில் நித்திய பூசை குறைவின்றி நடக்க வழிசெய்தல் ஆகிய மூன்றும் செம்பியன் மாதேவியார் தம் வாழ்வால் காட்டிய நெறிகள். அந்நெறி நின்று ஆலயங்கள் பொலியவும், அடியார்கள் எல்லா நலன்களும் பெற்று வாழவும் எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் துணைநிற்பதாக.

மேன்மைகொள் சைவநெறி எங்கும் தழைப்பதாக!