ஸர் ஜகதீச சந்திர போஸ்

நமது நாஞ்சில் நாட்டு வயல்வரப்புகளிலும் குளக்கரைகளிலும் தொட்டாற்சுருங்கியைக் கண்டறியாதார் அரியர். விரல் பட்ட அளவிலே அதன் இலை மடங்குகின்றது. சிறுவர்க்கு அது விளையாட்டு. ஸர் ஜகதீச சந்திர போஸ் என்னும் பேரறிஞருக்கோ அது பல்லாண்டுகள் விடை தேடிய வினாவாயிற்று.

அன்னார் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்திலே பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகஸ்தராயிருந்தும், தம் மைந்தரை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். ஆங்கு மீனவர் மக்களோடு ஒருங்கிருந்து கற்ற அச்சிறுவர், பின்னர்க் கல்கத்தாவில் லபோன் பாதிரியாரிடம் பௌதிகம் பயின்று, கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று, 1885-இல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார்.

இந்தியர் என்பதனால் ஆங்கில ஆசிரியரினும் குறைந்த சம்பளமே அவருக்கு விதிக்கப்பட்டது. குடும்பம் கடனில் ஆழ்ந்திருந்தும் அவர் மூன்றாண்டுகள் அச்சம்பளத்தைத் தொட்டாரல்லர். பாடம் நடத்துதலையோ நிறுத்தினாரல்லர். முடிவில் முழுச் சம்பளமும் முன்தேதியிலிருந்தே அளிக்கப்பட்டது.

மின்னலைகளை ஆராய்ந்து புகழெய்திய பின்னர் அவர் செடிகளின்பால் கருத்தைச் செலுத்தினார். விலங்கின் நரம்பிற் காணும் மின்கிளர்ச்சி போன்றதொன்று எல்லாச் செடிகளிலும் உண்டென்று 1901-இல் இலண்டன் ராயல் சங்கத்திலே சோதனை காட்டினார். உடலியல் வல்லார் சிலர் மறுத்தனர். அவரது கட்டுரை அச்சேறாது நின்றது. அவரோ சொற்போரை விடுத்து, நுண்கருவிகள் செய்தலை மேற்கொண்டார். செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் அவற்றுள் ஒன்று. 1917-இல் கல்கத்தாவில் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1920-இல் அதே ராயல் சங்கம் அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. 1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் கிரீடியில் அவர் காலமானார்.

அவர் கண்ட மின்கிளர்ச்சியின் உட்பொருள் பிற்காலத்தே விளங்கலாயிற்று. செடியின் உயிரணுக்களைச் சூழ்ந்த மென்சவ்விலே நுண்ணிய வாயில்கள் உள. தீண்டலோ காயமோ நேர்ந்தவுடன் அவை திறக்க, கால்சியம் அயனிகள் உட்பாய்கின்றன; அப்பாய்ச்சல் அணுவிலிருந்து அணுவிற்குத் தொடர்ந்து செய்தியாகின்றது. அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் வேர்நுனியில் உப்புப் பட்டால், வினாடிக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் விரைவில் கால்சிய அலை தண்டு நோக்கிச் செல்லுதலை 2014-இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். தொட்டாற்சுருங்கியில் கால்சியக் குறிப்பும் மின்குறிப்பும் ஒருங்கே ஓடுதலை 2022-இல் ஜப்பானிய அறிஞர் காட்டினர்.

போஸ் கூறிய யாவும் நிலைபெற்றில. தண்டிலுள்ள உயிரணுக்களின் துடிப்பாலேயே சாறு மேலேறுகின்றது என்ற அவரது கொள்கையை அறிஞர் ஏற்றிலர். ஆயினும் செடிக்குள் செய்தி ஓடுகின்றது என்ற அவரது அடிப்படைக் கருத்து மெய்யாயிற்று. மாணவ நண்பர்காள்! மறுக்கப்பட்ட காலத்தும் தளராது மீண்டும் சோதனை செய்தலே அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடமாம்.