வில்லியம் கூப்பர்

ஆங்கிலப் புலவர் வில்லியம் கூப்பர் 1731ஆம் ஆண்டு பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரில் குருவானவர் ஒருவரின் மைந்தராகத் தோன்றினார். ஆறாம் வயதில் அன்னையை இழந்தார். சட்டம் பயின்றும் வழக்காடும் தொழிலில் அவர் மனம் செல்லவில்லை. 1763இல் பிரபுக்கள் சபையில் எழுத்தர் பதவியொன்று அவரை நாடி வந்தது. அதன்பொருட்டுச் சபையோர் முன் தேர்வுக்கு நிற்கவேண்டுமே என்ற அச்சம் அவர் உள்ளத்தை உடைத்துவிட்டது. செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் மனநோய் மருத்துவர் ஒருவரிடம் நெடுநாள் தங்கி நலம்பெற்றார்.

1767இல் அவர் ஓல்னி என்னும் சிற்றூரை அடைந்தார். அங்கே லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் பலர் வாழ்ந்தனர். அவ்வூர்க் குருவானவர் ஜான் நியூட்டன், முன்பு அடிமைகளை ஏற்றிச்சென்ற கப்பலின் தலைவராய் இருந்தவர். எவ்வளவு வேறுபட்ட இருவர்! எனினும் உற்ற நண்பராயினர். அவ்வேழைகளின் செபக்கூட்டங்களுக்கெனத் துதிப்பாடல்கள் இயற்றலாயினர். இறைவனின் வழி மனிதர்க்கு விளங்காவிடினும் அவன் அருள் பொய்க்காது என்று கூப்பர் பாடினார்.

1773இல் பழைய நோய் மீண்டது. இறைவன் தம்மைக் கைவிட்டான் என்றே அவர் நம்பினார். அதன்பின் கோவிலுக்குச் செல்வதையும் விட்டார். 1779இல் 348 பாடல்கள் கொண்ட நூல் வெளிவந்தது. அவற்றுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூப்பருடையவை. ஊரார் அவற்றைப் பாடினர். பாடுவோர் நடுவே அவர் இல்லை. ஆயினும் அப்பாடல்களைப் பொய்யென்பது தகாது. எழுதிய நாளில் அவர் நெஞ்சம் அவற்றில் முழுதும் தோய்ந்திருந்தது.

பின்னாளில் முயல்கள் வளர்த்தும், தோட்டம் பேணியும், கவிதை எழுதியும் துயரை ஒருவாறு ஆற்றினார். 1800இல் ஈஸ்ட் டெரம் என்னும் ஊரில் காலமானார்.