கமலாம்பாளைத் தந்த வத்தலக்குண்டுக்காரர்

 

பெரும்பாறை மலையை விட்டுக் கீழே இறங்கினால் நமக்கெல்லாம் வத்தலக்குண்டுதான் டவுன். அந்த ஊரில் 1872-ல் பிறந்தவர் பி.ஆர். ராஜம் ஐயர். வாழ்ந்தது 26 ஆண்டுகளே. ஆனாலும் தமிழ் நாவலைப் பற்றிப் பேசுகிற யாரும் அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது.

மதுரையில் படித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் சர்க்கார் உத்தியோகம், கல்யாணச் சந்தையில் தனி மவுசு! சட்டமும் படித்துப் பார்த்தார், வக்கீல் ஆகவில்லை. மனசெல்லாம் கம்பனிலும் தாயுமானவரிலும் வேதாந்தத்திலுமே இருந்தது.

1893-ல் விவேக சிந்தாமணி பத்திரிகையில் கமலாம்பாள் சரித்திரத்தைத் தொடராக எழுத ஆரம்பித்தபோது அவருக்கு வயது இருபதைத் தாண்டி ஒன்றோ இரண்டோதான். 1896-ல் அது புத்தகமாக வந்தது.

கதை நடப்பது சிறுகுளம் என்ற கிராமம். முத்துஸ்வாமி ஐயர் பெரிய மிராசுதார். மகள் லட்சுமிக்கு ஸ்ரீநிவாசனைப் பார்த்து முடிக்கிறார்கள். பெரிய இடத்துக் கல்யாணம் என்றால் சும்மாவா? சொந்தக்காரர்களின் பொறாமை, கௌரவப் போட்டி, குளத்தங்கரை வம்பு எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. பெண்ணையும் பையனையும் யாரும் கேட்பதில்லை. அன்றைய நிலைமை அப்படி. பெண்ணின் சம்மத வயதைச் சட்டம் 10-லிருந்து 12-ஆக உயர்த்தியதே 1891-ல்தான். ஆனால் அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்குள் பிறகு வளரும் பிரியத்தை ராஜம் ஐயர் அவ்வளவு இதமாக எழுதியிருக்கிறார்.

உண்மையான பரீட்சை பெரியவர்களுக்குத்தான். சொத்து போகிறது, மகன் காணாமல் போகிறான், கமலாம்பாள் மேல் அபவாதம் விழுகிறது. கணவர் அதை நம்பி வீட்டை விட்டே போய்விடுகிறார். பணமும் அந்தஸ்தும் போன பிறகு ஒரு தாம்பத்தியத்தில் மிச்சம் என்ன? இதுதான் நாவல் கேட்கும் கேள்வி. பல துன்பங்களுக்குப் பிறகு இருவரும் சேர்கிறார்கள். மிஞ்சியது அன்பு ஒன்றே.

இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட நாவலில் வரும் சார்லட், இருக்க ஒரு வீடு வேண்டும் என்பதற்காகவே பிடிக்காதவரைக் கட்டிக்கொள்கிறாள். ஆஸ்டினின் கதை கல்யாணத்தோடு முடிகிறது. நம்மவர் கதை கல்யாணத்துக்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது.

1896-ல் சென்னையில் தொடங்கிய பிரபுத்த பாரதம் ஆங்கில மாத இதழுக்கு ராஜம் ஐயர் ஆசிரியரானார். 1898 மே மாதம் மறைந்தார். அதோடு சென்னையில் இதழும் நின்று, பிறகு அல்மோராவிலிருந்து வெளிவந்தது.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஆனாலும் இஞ்சினியர் மாப்பிள்ளைக்கு இத்தனை பவுன் என்று கணக்குப் போடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்தக் கணக்கில் நம் டிகிரியும் ஒரு அயிட்டம்! கட்டடத்துக்கு லோடு டெஸ்ட் பண்ணுகிற நாம், பெண் பார்க்கக் கிளம்பும் முன் கமலாம்பாளை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.