இரவல் வாத்தியமும் இரவல் பெயரும்



மெலோடிகா என்று ஒரு வாத்தியம் இருக்கு. ஆர்மோனியத்தில் இருப்பது போலவே கட்டைகள் இருக்கும், ஆனா ரொம்பச் சின்னது. வாயால் ஊதிக்கொண்டே விரலால் கட்டையை அமுக்கணும். பள்ளிப் பிள்ளைகள் இசை பழகும் கருவி இது. இதை வைத்தே உலகப் புகழ் பெற்றவர் அகஸ்டஸ் பாப்லோ.

இவர் ஜமைக்கா தீவில் பிறந்தவர். இயற்பெயர் ஹொரேஸ் ஸ்வாபி. கிங்ஸ்டன் நகரில் படிக்கும்போது பள்ளியிலேயே ஆர்கன் வாசிக்கப் பழகினார். ஒரு பெண்தான் தன் மெலோடிகாவை இவருக்கு இரவல் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு ஹெர்மன் சின் லாய் என்பவரின் இசைத்தட்டுக் கடைக்குப் போனார். அவர் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். அகஸ்டஸ் பாப்லோ என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். அதுவும் புதுப் பெயர் இல்லை. வேறு ஒருவர் வாசித்த தட்டுகளில் அவர் ஏற்கெனவே போட்டிருந்த பெயர்!

அந்தக் காலத்தில் பாடியவர் பெயர்தான் எல்லாருக்கும் தெரியும். பின்னால் வாசித்தவர்களை யாரும் கவனிப்பதில்லை. பாப்லோவும் மற்றவர்கள் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்தவர்தான். பள்ளித் தோழர் கிளைவ் சின் தயாரித்த ஜாவா என்ற தட்டு, 1970-களின் தொடக்கத்தில் இவரைப் பிரபலமாக்கியது. அதில் மெலோடிகாவே பாடகர் மாதிரி முன்னால் நின்றது.

பிறகு ராக்கர்ஸ் என்று சொந்தமாக இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அது அவர் சகோதரர் நடத்திய ரேடியோ செட்டின் பெயர். கிங் டபி என்பவர் ரேடியோ, ஸ்பீக்கர் பழுது பார்ப்பவர். அவர் பாட்டில் குரலைக் குறைத்து, டிரம்மையும் பேஸ் கிடாரையும் மட்டும் தூக்கிவிட்டு, எதிரொலி சேர்ப்பார். இதுக்குப் பேர்தான் டப். இருவரும் சேர்ந்த ஆல்பம் 1976-இல் வந்தது. டப் இசையில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்று இன்றும் போற்றுகிறார்கள்.

தசைகளைத் தளரச் செய்யும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் இவருக்கு இருந்தது. ஊதி வாசிப்பவருக்கு மூச்சுதானே எல்லாம்? கடைசியில் நுரையீரல் பாதிக்கப்பட்டு 1999 மே 18-இல் காலமானார். ஐம்பது வயசுகூட ஆகலை.

வாத்தியம் இரவல், பெயரும் இரவல். ஆனா இசை மட்டும் அவருடையது. இரவல் கொடுத்தவளை ஒரு பெண் என்று மட்டும்தான் சொல்கிறார்கள், பெயர் சொல்வதில்லை. அவள் கொடுக்காமல் இருந்திருந்தால்? நம்மிடம் இருப்பதைக் கேட்பவருக்குக் கொடுப்போம் தோழர்களே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி