ஆசிரியர்க்கு ஆசிரியர் என். சுப்பிரமணியம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். மண்ணையும் மழையையும் அறிந்தாலன்றி மக்கள் வாழ்வை அறிய இயலாது என்னும் அத்தெளிவு ஆங்கிலேயர் காலப் பள்ளிகளில் மங்கிப்போயிற்று. பூகோளம் என்பது மலைகள், ஆறுகள், தலைநகரங்கள் ஆகியவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்யும் பாடமாகச் சுருங்கிற்று. அப்பாடத்திற்கு உயிரூட்ட முனைந்தோருள் முன்னவர், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் புவியியல் பயிற்றிய பேராசிரியர் என். சுப்பிரமணியம்.

அக்கல்லூரி 1856-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பழமையுடையது. சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களை அவர் அங்கே கண்டார். ஒரு பாடம் வாடுவதும் தழைப்பதும் அதனைக் கற்பிப்பவர் கையில் உள்ளது என்பதை உணர்ந்தவர் அவர். ஆதலின் ஆசிரியர்களை ஒன்றுதிரட்டி, 1926-இல் சென்னைப் புவியியல் கழகத்தை நிறுவினார். அவ்வாண்டிலேயே கழகத்தின் இதழும் வெளிவரத் தொடங்கிற்று. கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்குப் புவியியல் வகுப்புகளும் நடத்தப்பெற்றன. அயல்நாட்டு நூல்களை மட்டுமே நம்பியிருந்த ஆசிரியர்கள், தென்னிந்தியாவின் மண், பயிர், துறைமுகம், தொழில் ஆகியவை பற்றிய கட்டுரைகளை இதழில் படிக்கலாயினர்.

இத்தகைய கல்வியின் பயனை அறியச் சிவகாசியை நோக்கினால் போதும். அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், மழை குன்றிய வானம் பார்த்த பூமி. 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் அதனை அங்குத் தொடங்கினர். உழவுக்குப் பகையான வறட்சி, தீக்குச்சி உலர்வதற்குத் துணையாயிற்று. அருகில் விருதுநகர் வணிகச் சந்தையாக விளங்கியது. விளைச்சல் பொய்த்த காலத்தில் வேலை தேடிய கைகளும் பல இருந்தன. பின்னர் பட்டாசுத் தொழிலும் அங்கே வேரூன்றிற்று. ஊர்ப்பெயரை ஒப்பிக்கும் மாணவன் இவற்றை அறியான். ஏன் இங்கே இத்தொழில் என்று வினவக் கற்றவனே அறிவான். அத்தொழிற்கூடங்களில் சிறுவர்களின் கைகளும் நெடுங்காலம் உழைத்தன என்பதையும், வெடிவிபத்துகளில் உயிர்கள் மாய்ந்தன என்பதையும் அவ்வினாவே அவனுக்கு உணர்த்தும். நிலத்தைக் கற்பது மாந்தரின் துயரைக் கற்பதும் ஆகும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் குரியன் முதலியோர் புவியியல் துறையை வளர்த்தனர். சுப்பிரமணியம் நிறுவிய கழகம் பின்னர் இந்தியப் புவியியல் கழகம் எனப் பெயர் பெற்றது. அதன் இதழ் 1941 முதல் இந்தியப் புவியியல் இதழ் என வெளிவரலாயிற்று. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எழுதும் ஆய்விதழாக வளர்ந்த அதற்கு வித்திட்டவர் பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஒருவரே.

உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு கல்வியையும் தானமாகப் போற்றுவது நம் சமணம். ஒரு மாணவனுக்கு ஈந்த கல்வி ஒரு குடும்பத்தை உயர்த்தும். ஓர் ஆசிரியனுக்கு ஈந்த கல்வி, அவன் வகுப்பறை வழியே தலைமுறைகளைச் சென்றடையும். ஆசிரியப் பணியில் ஈடுபட்டோர் பலரைக் கொண்ட நம் குடும்பங்கள், இப்பெருமகனை நன்றியோடு நினைவுகூர்தல் தகும்.